ஒரு தடவை எங்களோட படகுல வந்து பாருங்க மேடம் - கழிவுநீர் குழாய் பத்தின கோரிக்கை மனு

பெறுநர்: நீர் மாசு கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பான அதிகாரி அவர்கள்

அனுப்புநர்: ஆத்துல படகு விடுறவங்க, நீச்சல் அடிக்கிறவங்க, கரையோரம் குடியிருக்கறவங்க எல்லார் சார்பாவும் நான்

பொருள்: வர்ற ஞாயித்துக்கிழமை ஆத்துல நடக்கப்போற போராட்டத்துக்கு அனுமதி, குழாய் வாய்ல தண்ணி சாம்பிள் எடுக்கறது - சம்பந்தமா.

வணக்கம் மேடம்,

சுத்தி வளைக்காம முதல்லயே விஷயத்த சொல்லிடறேன். வர்ற ஞாயித்துக்கிழமை காலைல நாங்க எல்லாரும் படகு, கயாக், துடுப்புப் பலகைனு அவங்கவங்ககிட்ட இருக்கறத எடுத்துக்கிட்டு ஆத்துல இறங்கி, மழை இல்லாத நாள்லயும் ஆத்துக்குள்ள கழிவுநீர விடுற அந்த குழாய் வரைக்கும் போகப்போறோம், அதுக்கு உங்க அனுமதி வேணும், அனுமதி மட்டும் இல்ல, நீங்களும் எங்களோட படகுல வரணும், வந்து அந்த குழாய் வாய்கிட்டயே எங்க கண்ணு முன்னாடி சாம்பிள் எடுக்கணும்.

கரைல நின்னு கோஷம் போட்டா போதாதா, எதுக்கு தண்ணில இறங்குறீங்கனு அனுமதி கேக்கப் போனப்ப கேட்டாங்க. நியாயமான கேள்வி தான். ஆனா அந்த குழாய் கரைல நின்னா தெரியாது மேடம். மேல கான்கிரீட் சுவர், அதுக்கு முன்னாடி ஆள் உயர புதர், நடந்து போறவங்களுக்கு நாத்தம் மட்டும் தான் வரும், எங்கேர்ந்து வருதுன்னு தெரியாது. படகுல போய் அந்த வளைவு திரும்பினா தான் கண்ணுக்கே படும். குழாய் வாய்ல ஒரு இரும்பு மூடி தொங்குது, உள்ளேர்ந்து தண்ணி தள்ளுனா தொறக்கும், இல்லன்னா மூடிக்கும், அந்த மூடியோட விளிம்பு பூரா வெட் வைப்ஸ், அதான் தொடைச்சுப் போடற ஈரத்தாள், சிக்கி சாம்பல் கலர்ல சடை சடையா தொங்கிட்டு இருக்கு. போன மாசம் நான் கிட்ட போனப்ப பத்து நாளா ஒரு பொட்டு மழை இல்ல, இருந்தும் மூடி கையகலத்துக்கு தொறந்து கிடந்துச்சு, கீழ ஆத்து தண்ணி தனியா, இது தனியானு ஒரு கோடு போட்ட மாதிரி சாம்பலா பரவிட்டு இருந்துச்சு. படகத் திருப்ப துடுப்ப தூக்குறேன், அதுல ஒரு வெட் வைப்ஸ் ஒட்டிக்கிட்டு வருது, வழுவழுனு எண்ணெய்ப் பிசுக்கோட. அங்கேர்ந்து நாலு வீச்சு துடுப்பு போட்டா பசங்க குதிக்கிற படித்துறை. அன்னிக்கும் ரெண்டு பேர் குதிச்சிட்டு தான் இருந்தாங்க, வெளில வாங்கடானு கத்தி கத்தி தொண்டை கட்டிடுச்சு எனக்கு.

மழை பெய்ஞ்சா வழிஞ்சு வர்றது சகஜம்னு சொல்லுவாங்க. அது எங்களுக்கும் தெரியும். மழைத் தண்ணியும் கழிவுநீரும் ஒரே குழாய்ல போற பழைய அமைப்புல பெருமழை வந்தா சுத்திகரிப்பு நிலையம் தாங்காது, வீட்டுக்குள்ள எதுத்துக்கிட்டு வராம இருக்க ஆத்துப் பக்கம் ஒரு வழி வெச்சிருக்காங்க, அவசரத்துக்கு. மழையே இல்லாத நாள்ல வருதுன்னா அது அவசரம் இல்ல மேடம், எங்கயோ அடைப்பு இருக்கணும், இல்ல பம்ப் நின்னிருக்கணும், இல்லன்னா யாராவது கழிவு லைன கொண்டுபோய் மழைநீர் லைன்ல சேத்திருக்கணும். ஆள் விட்டு தேடுனா கண்டுபிடிக்கற விஷயம் தான் இது எல்லாமே.

ஏற்கனவே எழுத்துல புகார் குடுத்தோம், பதிலும் வந்துச்சு, "அளவுக்குள்ள இருக்கு"னு. சாம்பிள் எங்க எடுத்தாங்கனு விசாரிச்சா குழாய்க்கு மேல்பக்கம், பாலத்துக்கு அடில. அதாவது ஆறு அந்த குழாயத் தாண்டுறதுக்கு முன்னாடியே மொண்ட தண்ணி. அதுல என்ன தெரியும் சொல்லுங்க. அந்த பதில படிச்சப்ப தான் நாங்க தண்ணில இறங்குறதுனு முடிவே பண்ணோம்.

சாம்பிள் எடுக்கறதுக்கு ஒழுங்கான முறை இருக்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2006ல கொண்டு வந்த குளிக்கிற நீர்நிலைகளுக்கான விதில, ஜனங்க அதிகமா இறங்குற இடம், இல்ல மாசு அதிகமா இருக்கும்னு எதிர்பாக்குற இடம், அங்க தான் எடுக்கணும்னு இருக்கு. முடிஞ்ச வரைக்கும் 1 மீட்டராவது ஆழம் இருக்கற இடமா பாத்து, தண்ணி மட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் கீழ பாட்டில அமுக்கி எடுக்கணும், வெயில் படாம குளிர்பெட்டில வெச்சு லேபுக்கு கொண்டு போகணும். ஆறு, ஏரிக்கு மிக நல்ல தரம்னு சொல்றதுக்கு 100 மில்லிக்கு இ.கோலை 500, என்டரோகாக்கை 200, இது தான் அவங்க வெச்சிருக்கற வரம்பு. ரெண்டுமே குடல்ல வாழற பாக்டீரியா, தண்ணில அது இருந்தா மலம் கலந்திருக்குன்னு அர்த்தம். நம்ம குழாய்கிட்டயும் படித்துறைலயும் இந்த முறைல ஒரே ஒரு தடவை எடுங்க, என்ன நம்பர் வந்தாலும் அப்படியே வெளியிடுங்க, குறைவா வந்தா நாங்களே முதல்ல சந்தோஷப்படுவோம்.

லேப் ரிசல்ட் வர எப்படியும் ஒரு நாள் ஆகிடும், அதுக்குள்ள குதிக்கறவங்க குதிச்சிருப்பாங்க. அதனால குழாய்லயே எப்ப தொறக்குது, எவ்ளோ நேரம் ஓடுதுன்னு காட்டுற மீட்டர் வேணும், அத ஜனங்க உடனே பாக்கற மாதிரி இருக்கணும். நடக்காத காரியம் இல்ல இது, இங்கிலாந்துல 2023 முடியறதுக்குள்ள மழைக்கால வழிவுக் குழாய் அத்தனைக்கும் மீட்டர் மாட்டிட்டாங்க, அதனால தான் 2024ல மட்டும் எல்லா குழாயும் சேத்து மொத்தம் 36 லட்சம் மணி நேரம் கழிவு ஓடுச்சுன்னு அங்க எல்லாருக்கும் தெரியும். அங்க 1990ல கார்ன்வால் கடற்கரைல அலைச்சறுக்கு பண்ணவங்க சில பேர் உடம்புக்கு முடியாமப் போய் போய் வெறுத்து, சர்ஃபர்ஸ் அகெய்ன்ஸ்ட் சூவேஜ், அதாவது கழிவுநீருக்கு எதிரான அலைச்சறுக்குக்காரங்கனு ஒரு அமைப்பு ஆரம்பிச்சு, கேஸ் மாஸ்க்க மாட்டிக்கிட்டு பலகையோட போராடுனாங்க, இன்னும் விடல. அமெரிக்கால ஹட்சன் ஆறு சாக்கடையா கிடந்தப்ப பாடகர் பீட் சீகரும் கூட இருந்தவங்களும் கிளியர்வாட்டர்னு ஒரு பாய்மரப் படகையே கட்டி 1969ல தண்ணில இறக்குனாங்க, ஆத்த கிட்ட வந்து பாத்தா தான் ஜனங்களுக்கு அக்கறை வரும்னு. பாரிஸ்ல 1923லேர்ந்து குளிக்கத் தடை இருந்த சேன் ஆத்துல 2025 ஜூலைல பொதுமக்கள் இறங்கி நீந்துனாங்க, மழைநேரத்துல வழியற கழிவப் புடிச்சு வெக்க 50,000 கன மீட்டர் தொட்டிய தரைக்கு அடில கட்டுனதும் அதுக்கு ஒரு முக்கிய காரணம்.

பாதுகாப்பு பத்தி உங்களுக்கு கவலை இருக்கும், அதயும் யோசிச்சிட்டோம். யாரும் தண்ணில குதிக்க மாட்டாங்க, லைஃப் ஜாக்கெட் இல்லாதவங்கள ஏத்த மாட்டோம், சின்னப் பசங்க கரைல தான் நிப்பாங்க. கைகால்ல காயம் இருக்கறவங்களுக்கு படகு கிடையாது. குழாய்க்கு மேல்பக்கமாவே நிப்போம், சாம்பிள் எடுக்கற படகு மட்டும் கையுறையோட கிட்ட போகும். திரும்பி வந்ததும் சோப்பு போட்டு கை கழுவ கரைல நல்ல தண்ணி வெச்சிருப்போம். ஞாயித்துக்கிழமைக்கு முந்தின ரெண்டு நாள்ல பெரிய மழை பெய்ஞ்சா அடுத்த ஞாயித்துக்கிழமைக்குத் தள்ளி வெச்சிடறோம், அப்ப ஆத்துல கிருமி ரொம்ப ஏறி இருக்கும்.

அனுமதி இல்லன்னா ஏன் இல்லனு எழுத்துல குடுங்க, தயவுசெஞ்சு வாய்வார்த்தையா சொல்லி அனுப்பிடாதீங்க.

காலைல ஆறு மணிக்கு படித்துறைல இருப்போம். சாம்பிள் பாட்டில் உங்க லேபோடதே இருக்கட்டும், சீல் வெக்கறது நீங்களே வெய்ங்க, நாங்க கூட நின்னு பாத்தா போதும். படகுல உங்களுக்கும் உங்களோட வர்ற லேப் ஆளுக்கும் ரெண்டு இடம் விட்டு வெச்சிருக்கோம், லைஃப் ஜாக்கெட்டும் ரெண்டு தனியா எடுத்து வெச்சாச்சு.

இப்படிக்கு,
ஆத்தையும் கரையையும் நம்பி இருக்கற எல்லார் சார்பாவும்