கருப்பனின் கிண்ணம்

அன்புள்ள நண்பனுக்கு,

இத்தனை மாதங்கள் பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துவிடு. இங்கு அனைவரும் நலம். என் நாய் கருப்பனைப் பார்த்து உன் நாய் ராணியையும் பச்சை இறைச்சிக்கு மாற்றப்போவதாக நீ எழுதியதைப் படித்த பின் மௌனமாக இருக்க முடியவில்லை.

நான் செய்தது தவறு. உலர் தீவனத்தை ஒரே நாளில் நிறுத்திவிட்டு, எலும்பு நீக்கிய இறைச்சியை மட்டும் கிண்ணம் நிறைய வைத்தேன். ஆவலோடு தின்றவன் மூன்றாம் நாளே வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்தான். மருத்துவர் வயிற்றைவிட எலும்பைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டார். தசையில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியமோ மிகக் குறைவு. அதையே தொடர்ந்து கொடுத்தால் உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துக்கொள்ளும் என்றும், வளரும் குட்டிகளுக்கு எலும்பு முறியும் அளவுக்கு அது போய்விடும் என்றும் விளக்கினார். ஈரலையும் அள்ளிக் கொடுக்கக் கூடாதாம்; வைட்டமின் ஏ மிகுந்துவிடும். நம் கணக்கு வாத்தியார் இருந்திருந்தால் தராசோடு வந்து நின்றிருப்பார்.

பிறகு பழைய உணவில் கால் பங்கை மட்டும் மாற்றி, மலம் கெட்டியாக இருப்பதைப் பார்த்த பின்பே அடுத்த கால் பங்குக்குப் போய், ஒரே வகை இறைச்சியோடு பத்து நாட்களுக்கு மேல் எடுத்துக்கொண்டு மாற்றினேன். நீயோ விடுதி மிதிவண்டிக் காலத்திலிருந்தே எதையும் ஒரே நாளில் முடிக்க நினைப்பவன்!

ஆனால் என்னை உறங்கவிடாதது வேறொன்று. உன் மகள் கருவுற்றிருக்கிறாள். பச்சை இறைச்சியில் சால்மொனெல்லா, லிஸ்டீரியா போன்ற கிருமிகள் இருக்கக்கூடும். உறைய வைத்தாலும் அவை முற்றிலும் அழிவதில்லை. எந்த நோய்க்குறியும் இல்லாத நாய்கூட அவற்றை மலத்தில் வெளியேற்றும், நக்கும் கையிலும் விட்டுச் செல்லும். லிஸ்டீரியா தாய்க்கு லேசான காய்ச்சலாக வந்து போனாலும் கருவைக் கலைத்துவிடக்கூடியது. ராணி எந்நேரமும் அவள் மடியில் கிடப்பதாக நீதானே எழுதியிருந்தாய்?

கருப்பனின் ரோமம் மினுமினுப்பது உண்மைதான். உணவில் கொழுப்பு கூடியதால் வந்ததாக இருக்கலாம் என்கிறார் மருத்துவர்; அப்படியானால் சமைத்துக் கொடுத்தாலும் அது வரும். ஆகவே ராணிக்கு இறைச்சியை வேக வைத்தே கொடு. வெந்த எலும்பு பிளந்து குடலைக் கிழிக்கும் என்பதால் எலும்பை முழுதும் நீக்கிவிட்டு, கால்சியத்தை மருத்துவர் சொல்லும் அளவில் தனியாகச் சேர். இதற்குள் மாற்றத் தொடங்கியிருந்தால் இன்றே நிறுத்திவிட்டு, மகள் நலமாக இருக்கிறாளா என்று எனக்கு ஒரு வரி எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்