பின்வரிசையில் எழுந்த கேள்வி

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பின்வரிசையில் அமரும் அந்த மாணவன், "இதையெல்லாம் நேர்முகத் தேர்வில் கேட்பார்களா?" என்று கேட்டதும் வகுப்பே சிரித்ததையும், நீ முகம் கொடுக்காமல் பாடத்தைத் தொடர்ந்ததையும் எழுதியிருந்தாய். "இவர்களுக்குப் படிப்பில் அக்கறை இல்லை, வேலையில்தான் குறி" என்ற வரியைப் படித்தபோது, நானே எப்போதோ பேசியதைத் திரும்பக் கேட்பது போல இருந்தது.

நான் கணக்குப்பதிவியல் நடத்தத் தொடங்கிய இரண்டாம் ஆண்டில் ஒரு மாணவி இதே கேள்வியைக் கேட்டாள். "விருப்பமில்லாதவர்கள் வெளியே போகலாம்" என்றேன். அவள் போகவில்லை, தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து ஆண்டு முடியும்வரை அந்த வகுப்பில் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. அந்த அமைதியை ஒழுங்கு என்று எண்ணிப் பெருமைப்பட்டேன் என்பதுதான் இன்று நினைத்தாலும் கூச்சத்தைத் தருகிறது. விடைத்தாள்களைத் திருத்தும்போதுதான், நம் ரொக்க ஏட்டின் இருப்பும் வங்கி அறிக்கையின் இருப்பும் ஏன் வேறுபடுகின்றன என்று காட்டும் வங்கிச் சரிக்கட்டும் பட்டியலைப் பிழையின்றிப் போட்டவர்களில் பலருக்கும் அதை எதற்காகத் தயாரிக்கிறோம் என்பதே தெரியவில்லை என்று புரிந்தது.

வேலையை எண்ணிப் படிப்பவன் படிப்பை மதிக்காதவன் அல்லன். கட்டணத்துக்குக் கடன் வாங்கியவனும், பகலெல்லாம் உழைத்துவிட்டு மாலையில் வகுப்புக்கு வருபவனும், தன்னுடைய ஒரு மணி நேரம் எதற்குச் செலவாகிறது என்று கேட்பதில் என்ன தவறு? அவனுக்கு நேரான விடையைச் சொல். நேர்முகத் தேர்வில் கேட்கமாட்டார்கள் என்றால் கேட்கமாட்டார்கள் என்றே சொல்லிவிட்டு, வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில் இது எங்கே வந்து நிற்கும் என்பதைக் காட்டு. உனக்கே தெரியாவிட்டால் விசாரித்துச் சொல்வதாகக் கூறி, மறுவகுப்பில் அவன் நினைவூட்டுவதற்கு முன்பே சொல்லிவிடு.

அடுத்த ஆண்டு நான் விளக்கவுரையை ஒதுக்கிவைத்தேன். இடப்பக்கம் ரொக்க ஏடும் வலப்பக்கம் வங்கி அறிக்கையுமாக ஒரு தாளை இருவருக்கு ஒன்றாகக் கொடுத்து, "மாதக் கடைசி, மேலாளர் காத்திருக்கிறார், இரண்டுக்கும் இடையே 180 உதைக்கிறது, எங்கே போயிற்று?" என்று மட்டும் கேட்டேன். முதலில் எல்லாரும் வங்கிக் கட்டணத்தையும் இன்னும் பணமாகாத காசோலைகளையும் தேடிக் களைத்தார்கள். பிறகுதான், வேறுபாடு ஒன்பதால் வகுபடுகிறதா என்று பார்க்கச் சொன்னேன். பத்தாம் இடத்தில் நின்ற இலக்கம் ஒன்றாம் இடத்துக்கு இறங்கினால் குறைவது அதன் ஒன்பது மடங்குதானே; மேலேறும் இலக்கத்தால் கூடுவதும் அப்படியே. ஆகவே அடுத்தடுத்த இலக்கங்கள் இடம் மாறியிருந்தால் வேறுபாடு கட்டாயம் ஒன்பதால் வகுபடும். வகுபட்டதாலேயே இலக்கம் மாறிற்று என்று சொல்லிவிட முடியாது; ஆனால் முதலில் தேட வேண்டிய இடம் அதுதான். 5,640 என்பதை ஒருவர் 5,460 என்று எழுதியிருந்தார். அதைக் கண்ட மாணவி பென்சிலால் அந்த எண்ணைத் தாள் கிழியும் அளவுக்கு வட்டமிட்டாள். அன்று மணியடித்த பிறகும் ஏழெட்டுப் பேர் எழுந்திருக்கவில்லை.

கேள்வி கேட்டபின் பொறுத்திரு. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருக்கிறார்கள் என்று 1970களில் எழுதினார். 3 நொடி காத்திருந்தபோது விடைகள் நீண்டன; வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். கரும்பலகை முன் நிற்பவருக்கு அந்த மூன்று நொடி ஒரு யுகமாகத் தெரியும் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன், மனத்துக்குள் எண்ணிக்கொள்.

வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தில் சென்ற வாரப் பாடத்திலிருந்து இரண்டு கேள்விகளை, மதிப்பெண் இல்லாமல், புத்தகத்தை மூடச் சொல்லி எழுதவை. ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர் இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். வேலையைக் குறிவைத்த மாணவர்களிடம் இதை மறைக்காமல் சொல். தங்களுக்கு லாபம் என்று தெரிந்தால் சிறுதேர்வுக்கு முணுமுணுக்க மாட்டார்கள்.

அவர்களோடு நெருங்குவது எப்படி என்றும் கேட்டிருந்தாய். சிரிக்கவைத்து நெருங்கலாம் என்று நினைக்காதே. என் நகைச்சுவைக்கு யாரும் சிரித்ததில்லை என்பது வேறு விஷயம். பெயரை இரண்டாம் வாரத்துக்குள் கற்றுக்கொள். வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்ன விடைத்தாளை வெள்ளிக்கிழமை கொடு. "நன்று" என்று எழுதுவதை விட, "இந்த மூன்றாம் பதிவில் பற்றும் வரவும் மாறிவிட்டன" என்று எழுது. வேலைக்கான விண்ணப்பத்தைப் பார்த்துத் தரும்படி எவரேனும் கேட்டால், அது பாடத்திட்டத்தில் இல்லை என்று தட்டிக்கழிக்காதே. அந்தப் பத்து நிமிடத்தில் அவனைப் பற்றி உனக்குத் தெரியவருவது ஒரு பருவம் முழுவதும் வருகைப்பதிவு எடுத்தாலும் தெரியாது.

இத்துடன் அந்தப் பழைய தாளின் படி ஒன்றை வைத்திருக்கிறேன். 180ஐத் தவிர இன்னொரு பிழையும் அதில் உண்டு. அது எங்கே என்று இங்கே எழுதவில்லை. முதலில் நீ கண்டுபிடி, பிறகு அந்தப் பின்வரிசை மாணவனிடம் கொடு.

அன்புடன்,
அப்பா