எட்டாம் வகுப்பில் நடந்த வாஸ்கோடகாமா விவாதம் குறித்து

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு வணக்கம்.

வாஸ்கோடகாமாவை வீரர் என்று போற்றலாமா என எட்டாம் வகுப்பில் நடந்த விவாதத்தைப் பற்றி, தேர்வுக்கு வேண்டியதை மட்டும் நடத்தினால் போதாதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். விவாதத்துக்கு அனுமதி அளித்தவன் நான் என்பதால், விளக்கம் தருவதும் என் கடமை.

1497 ஜூலையில் லிஸ்பனிலிருந்து புறப்பட்டு, ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி, 1498 மே மாதம் கோழிக்கோட்டை அடைந்தது அரிய கடற்பயணம் என்பதில் ஐயமில்லை. உடன் வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஊர் திரும்பவில்லை. ஆனால், கிழக்கு ஆப்பிரிக்கத் துறைமுகமான மலிந்தியிலிருந்து கப்பல்களுக்கு வழிகாட்டியவர் அந்தக் கடலை அறிந்த ஒரு மாலுமி. அரபு, குஜராத்தி, தமிழ் வணிகர்கள் பருவக்காற்றைக் கணித்துப் பல நூற்றாண்டுகளாகப் போய்வந்த கடலை வாஸ்கோடகாமா ‘கண்டுபிடித்தார்’ என்று எழுத என் மனம் ஒப்பவில்லை. கோழிக்கோட்டை ஆண்ட சாமூதிரி மன்னருக்காக அவர் எடுத்துவைத்த துணி, தொப்பி, கைகழுவும் கிண்ணம், சர்க்கரை, எண்ணெய், தேன் ஆகியவற்றைக் கண்டு அரசு அலுவலர்கள் நகைத்ததாக, உடன் வந்த ஒருவரின் நாட்குறிப்பே சொல்கிறது.

மாணவர்களை உலுக்கியது அவரது 1502ஆம் ஆண்டுப் பயணம். மெக்கா சென்று திரும்பிய பயணிகளின் கப்பலை மறித்து, பொருள்களைப் பறித்துக்கொண்ட பிறகு, ஆட்களோடு அதற்குத் தீவைக்க ஆணையிட்டார். தாய்மார்கள் கைக்குழந்தைகளைத் தூக்கிக் காட்டி இரக்கம் காட்டும்படி மன்றாடியதை, அதே கப்பற்படையில் வந்த தோமே லோப்பிஸ் என்பவர் பதிவு செய்திருக்கிறார். இதைப் படித்தபோது வகுப்பே அமைதியாயிற்று. “அவங்க பேரெல்லாம் எங்க சார் இருக்கு?” என்று ஒரு மாணவி கேட்டாள், எங்கள் ஆசிரியரிடம் பதில் இல்லை.

வாஸ்கோடகாமாவைத் தேர்ந்த மாலுமி என்று கற்பிப்போம். வீரர் என்று போற்றுமாறு எந்தக் குழந்தையையும் இப்பள்ளி கேட்காது. ‘அந்தக் காலத்து வழக்கம்’ என்ற சமாதானத்தையும் நான் ஏற்கவில்லை, ஏனெனில் அதைக் கண்டு வருந்தி எழுதியவரும் அந்தக் காலத்தவரே.

மதிப்பெண் குறித்து அஞ்ச வேண்டாம்; ஆண்டுகளும் இடங்களும் வழக்கம்போல் நடத்தப்பட்டுள்ளன. மாணவர்கள் எழுதிய கட்டுரைகளை வரும் பெற்றோர் கூட்டத்தன்று வகுப்பறையில் வைத்திருப்போம். மாற்றுக் கருத்துடையவர்கள் அவற்றைப் படித்துவிட்டு என்னிடம் நேரில் பேசுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்