வைரத்தின் கட்டிங்கையும் பில்லில் எழுதுங்கள்

கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் வட்டார நகைக்கடை உரிமையாளர்களுக்கு,

வணக்கம். நான் வேலந்தாவளத்திலிருந்து தினமும் கோயம்புத்தூருக்குப் போய் நகைப் பட்டறையில் கல் பதிக்கிற வேலை செய்கிறேன். எங்கள் தெருவில் யார் வைர நகை வாங்கினாலும், "கல்லு நல்ல கல்லுதானா, பாத்துச் சொல்லுங்க" என்று என்னிடம் கொண்டுவருவார்கள். கூடவே உங்கள் பில்லும் வரும். அந்த பில்லைப் பற்றித்தான் இந்த மடல்.

போன தை மாதம் ஒரு கல்யாணப் பெண்ணின் கம்மல் வந்தது. 18 கேரட் தங்கம், வைரம் 0.42 கேரட் (தங்கத்துக்குக் கேரட் தரம், வைரத்துக்கு எடை), சுத்தத்தின் தரம் விவிஎஸ், நிறத்தின் தரம் இ-எஃப் என்று பில்லில் இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். உள்ளே புள்ளி, கீறல் எதுவும் கண்ணில் படவில்லை. நிறமும் வெள்ளைதான். எழுதியது எதுவும் பொய்யில்லை. ஆனால் நடுக்கல் இரண்டும் செத்துக் கிடந்தன. நேராகப் பார்த்தால் மேல்பட்டைக்குள் ஒரு சாம்பல் வளையம் தெரிந்தது. அடிப்பக்கத்தைத் தட்டையாகத் தீட்டிய கல்லில்தான் அந்த வளையம் வரும். மீன்கண் என்பார்கள். பெண்ணின் அம்மா, "கடையில அப்படி ஜொலிச்சுதே" என்றார். ஜொலிக்கத்தான் செய்யும். உங்கள் கடையின் ஸ்பாட் லைட்டுக்குக் கீழே எந்தக் கல்தான் ஜொலிக்காது? வீட்டு டியூப் லைட்டில் பார்த்தால்தான் கட்டிங்கின், அதாவது கல்லைத் தீட்டிய விதத்தின், லட்சணம் தெரியும்.

எடை, நிறம், சுத்தம் மூன்றும் பில்லில் வந்துவிடுகின்றன. கல்லுக்கு உயிர் கொடுக்கிற நான்காவது சங்கதி மட்டும் வருவதில்லை. நிறமும் சுத்தமும் மண்ணுக்குள்ளேயே அமைந்தவை. கட்டிங் ஒன்றுதான் மனிதன் கையில் இருப்பது, காசைப் பார்த்து அவன் கூட்டவோ குறைக்கவோ முடிவதும் அதுதான்.

அது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் உங்களிடம் வாங்குகிறவர்களும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். வைரத்துக்குள் புகுந்த வெளிச்சம் அடிப்பட்டையில் போதிய சாய்வோடு பட்டால் வெளியே போகாது. உள்ளேயே திரும்பி, எதிர்ப்பட்டையில் பட்டு, மேலே நம் கண்ணுக்கு வரும். அந்தச் சாய்வின் எல்லை சுமார் 24 டிகிரி. பெல்ஜியத்தில் பிறந்த மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919இல் இதற்குக் கணக்குப் போட்டார். வட்டக் கல்லின் அடிப்பட்டை 40.75 டிகிரி, மேல்பட்டை 34.5 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும் என்றார். இன்றைக்கும் அந்தக் கணக்கை ஒட்டித்தான் நல்ல கட்டிங் இருக்கிறது. அடி தட்டையானால் வெளிச்சம் கீழே ஒழுகிவிடும். அடி ரொம்ப ஆழமானால் நடுவில் இருட்டடிக்கும்.

தெரிந்தும் ஏன் தப்பாகத் தீட்டுகிறார்கள்? எடைக்காக. தீட்டாத கரட்டுக் கல்லை வட்டமாகத் தீட்டினால் பாதி எடையோ அதற்கு மேலோ தூளாகப் போகும். அடியைக் கொஞ்சம் தடிமனாக விட்டால் 95 சென்ட் (100 சென்ட் 1 கேரட்) ஆகவேண்டிய கல் 1 கேரட்டில் நிற்கும். 1 கேரட்டைத் தொட்டதும் கேரட் விலையே ஒரு படி ஏறிவிடுகிறது. சரியாகத் தீட்டிய 1 கேரட் வட்டக் கல் 6.4, 6.5 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். அடி கனத்த கல் 6 மில்லிமீட்டரிலேயே நின்றுவிடும். அதாவது 80, 85 சென்ட் கல்லின் முகம். மீதி எடை கம்மலுக்குப் பின்னால், யாரும் பார்க்காத இடத்தில் ஒளிந்திருக்கும். அதற்கும் சேர்த்துத்தான் காசு வாங்குகிறீர்கள்.

நம் பக்கத்து ஆந்திராவில், கிருஷ்ணைக் கரையிலுள்ள கொல்லூரில் கிடைத்ததாகச் சொல்லப்படும் கோஹினூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1851இல் லண்டன் கண்காட்சியில் வைத்தபோது, மங்கலாக இருக்கிறதே என்று ஜனங்கள் ஏமாந்து போனார்கள். அடுத்த வருஷம் மறுபடி தீட்டினார்கள். இன்றைய கணக்கில் சுமார் 191 கேரட்டாக இருந்தது சுமார் 105.6 கேரட்டானது. அவ்வளவு எடையை இழந்ததும் ஒளிக்காகத்தான்.

உங்கள் கவுண்டரில் கட்டிங் பற்றிக் கேட்டால் "பெல்ஜியம் கட்டிங்" என்று ஒரே பதில் வருகிறது. உலகத்து வைரத்தில் பெரும்பகுதியைத் தீட்டுவது சூரத்தில். அங்கே தீட்டியது மட்டமும் இல்லை, பெல்ஜியம் என்று சொல்லிவிட்டதால் ஒரு கல் உசத்தியாகிவிடப் போவதும் இல்லை. எக்ஸலெண்ட், வெரி குட், குட், ஃபேர், புவர் என்று வட்டக் கல்லுக்கு ஐந்து தரம் வைத்து, கற்களைச் சோதிக்கும் அமெரிக்க நிறுவனமான ஜிஐஏ 2006இலிருந்து சான்றிதழ் தருகிறது. அந்த ஒரு சொல்லைத்தான் பில்லில் கேட்கிறோம்.

"ஜனங்களுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது" என்று ஒரு கடையில் என் முகத்துக்கு நேரே சொன்னார்கள். எனக்கு ரொம்பவே வருத்தமாக இருந்தது. காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று வைரத்தின் குற்றங்களைச் சிலப்பதிகாரமே பேர் சொல்லி அடுக்குகிறது. எங்கள் பாட்டிகள் ஏழு கல் தோட்டை வெயிலில் திருப்பிப் பார்த்து, எந்தக் கல் நீலச்சாயல் அடிக்கிற உசத்தியான புளூ ஜாகர், எந்தக் கல் அப்புறம் மாற்றியது என்று சொல்வார்கள். எழுதிக் கொடுத்தால் எங்களுக்குப் புரியும்.

ஹால்மார்க் இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயமான, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு தங்கத்துக்குத்தான் பேசும், கல்லைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

நாங்கள் கேட்பது பெரிய காரியமில்லை. 20 சென்டுக்கு மேற்பட்ட ஒற்றைக் கல்லாக இருந்தால் எடை, நிறம், சுத்தத்தோடு கட்டிங் தரத்தையும் மில்லிமீட்டர் அகலத்தையும் எழுதுங்கள். பொடிக்கற்களுக்கு ஒவ்வொன்றாகச் சான்றிதழ் கேட்பது நியாயமில்லை, அது எனக்கும் தெரியும். எத்தனை கல், மொத்தம் எத்தனை சென்ட் என்று போட்டால் போதும். 5 கேரட் 1 கிராம். கல்லின் எடையைக் கழித்த பிறகுதான் தங்கத்துக்கு விலை போட்டிருக்கிறீர்கள் என்பதும் அதில் தெரியட்டும்.

பூமியில் விளைந்ததா, ஆய்வகத்தில் வளர்த்ததா என்பதை மறக்காமல் எழுதுங்கள். இரண்டும் வைரம்தான். கண்ணுக்கும் லென்ஸுக்கும் வித்தியாசம் தெரியாது, கடைகளில் வைத்திருக்கும் சாதாரண டெஸ்டர் பேனாவும் பிரித்துச் சொல்லாது. ஆனால் ஆய்வகக் கல்லின் விலையோ எட்டாத தூரம் கீழே இருக்கிறது. திருப்பிக் கொடுத்தால் எத்தனை சதவீதம் கழிப்பீர்கள் என்பதையும் வாயால் சொல்லாமல் அதே தாளில் போட்டுவிடுங்கள். மலையாளத்தோடு தமிழிலும் இருந்தால் நல்லது. சித்தூர் தாலுகாவில் உங்கள் கடைப் படியேறுகிறவர்களில் நிறையப் பேர் தமிழ்தான் படிக்கிறார்கள்.

ஆவணி முகூர்த்தங்களுக்கு எப்படியும் புது பில் புத்தகம் அடிப்பீர்கள். அதில் இந்த நான்கைந்து கட்டங்களைச் சேர்த்துவிடுங்கள். கவுண்டரில் நிற்கிற பிள்ளைகளுக்கு லென்ஸில் மீன்கண் எப்படித் தெரியும் என்று காட்ட ஆள் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வருகிறேன். காசு வேண்டாம்.

இப்படிக்கு,
கல் பதிக்கும் தொழிலாளி ஒருவர்,
வேலந்தாவளம்