பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஒரு பூல் மேசை

கோயம்புத்தூர்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறாள் என்று படித்த பிறகுதான் நிம்மதி. பிசியோதெரபியை மட்டும் பாதியில் விட்டுவிட வேண்டாம் என்று சொல். இங்கே எல்லோரும் சௌக்கியம். பேரன் சனிக்கிழமையானால் திருப்பூரிலிருந்து வந்துவிடுகிறான். வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்குள் மேசையை எடுத்துப் போடச் சொல்கிறான்.

நீ கேட்டதும் அந்த மேசையைப் பற்றித்தானே. நாலாவது மாடியில், இரண்டு பெட்ரூம் வீட்டில் பூல் மேசை, அதாவது கோலால் பந்தைத் தட்டிப் பைகளில் விழவைக்கும் பில்லியர்ட்ஸ் வகை ஆட்டத்துக்கான மேசை, போட முடியுமா என்று எழுதியிருந்தாய். தாராளமாகப் போடலாம். கடைக்காரர் சொன்ன கல் மேசையை மட்டும் மறந்துவிடு.

முதலில் அறையைப் பார்ப்போம். மேசை அறைக்குள் நுழைந்தால் போதாது, சுற்றி நின்று க்யூவை, அதாவது பந்தைத் தட்டும் கோலை, பின்னுக்கு இழுக்க இடம் வேண்டும். ஆடும் பரப்பின் நீளத்திலும் அகலத்திலும் இரண்டு க்யூ நீளத்தைக் கூட்டிக்கொள். முழு நீள க்யூ 57, 58 அங்குலம் வரும். போட்டிகளில் ஆடும் 9 அடி மேசையின் ஆடுபரப்பு 100க்கு 50 அங்குலம். அதற்குக் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடம்தான் சரிப்படும். நான் செய்த மேசையில் ஆடுபரப்பு 52க்கு 26. நீளம் அகலத்தைப் போல இரு மடங்கு என்ற விகிதத்தை எந்த அளவிலும் விடக்கூடாது. 36 அங்குலக் குட்டை க்யூ வைத்துக் கணக்குப் போட்டால் 124க்கு 98 வருகிறது. கை பின்னால் போக இருபுறமும் ஆறாறு அங்குலம் சேர்த்தால் 136க்கு 110. உன் ஹால் பத்துக்குப் பன்னிரண்டு என்றால் அது 144க்கு 120 அங்குலம். சோபாவைக் கொஞ்சம் ஒதுக்கினால் போதும், சுவர் இடிக்காது.

இனி கல். பில்லியர்ட்ஸ் மேசைக்குள் ஸ்லேட் கல் வந்தது 1826 வாக்கில், லண்டனில் ஜான் தர்ஸ்டன் பட்டறையில். அதற்கு முன்னால் மரப்பலகைதான். அது மழைக்கு ஒரு மாதிரி, வெயிலுக்கு ஒரு மாதிரி வளைந்துகொண்டே இருந்தது. கல் வளையாது, மட்டமாகத் தேய்க்கலாம். அதனால்தான் கல்லைத் தேர்ந்தார்கள். எடைக்காக யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, எடை கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மேசையைப் பற்றிய யோசனை முழுக்க மாறிவிடும். நமக்கு வேண்டியது மட்டமும் விறைப்பும். இரண்டையும் வேறு வழியில் கொண்டுவர முடிந்தால் கல் எதற்கு? என் மேசையின் வெளி அளவு 60க்கு 34 அங்குலம். அந்த அளவுக்கு முக்கால் அங்குலக் கல் போட்டால், கல் மட்டுமே 70 கிலோவை நெருங்கும். என் மேசையோ கட்டை, ரப்பர், துணி எல்லாம் சேர்ந்து 25 கிலோ சுமார்தான்.

எப்படி என்று கேட்பாய். ஒற்றைப் பலகை போடாமல் பெட்டியாகக் கட்டினேன். மேலே 6 மி.மீ. பிளைவுட், கீழே 6 மி.மீ. பிளைவுட், நடுவில் 40 மி.மீ. உயரத்தில் 12 மி.மீ. பிளைவுட் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்கும் கட்டம் கட்டமாக நிறுத்தி ஒட்டுவது. பறக்கும் விமானத்தின் இறக்கையிலும் இதே தத்துவம்தான் வேலை செய்கிறது. ஒரு பலகையின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும், தடிமன் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு என்று பாலிடெக்னிக்கில் படித்தோமே. 18 மி.மீ. ஒற்றைப் பலகையும் இந்தப் பெட்டியும் ஏறக்குறைய ஒரே எடை. ஆனால் விறைப்பில் பெட்டி, கணக்குப்படி, பதின்மூன்று மடங்கு. முப்பது வருஷம் மில்லில் வரைபடம் போட்டவன் நான். இருந்தும் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மேல் பலகையும் கீழ்ப் பலகையும் ஒரே தடிமன், ஒரே ரகமாக இருக்கட்டும். ஒன்று கனமாக இருந்தால் ஈரம் ஏறும்போது ஒரு பக்கமாக இழுத்து வளைக்கும். சென்னைக் காற்றுக்கு சாதா கமர்ஷியல் பிளை வேண்டாம், ஐ.எஸ். 710 முத்திரையுள்ள வாட்டர்புரூப் பிளையாகவே வாங்கு. ஒட்டும் இடம் ரொம்ப முக்கியம். பசை காயும்போது அடியில் இருக்கும் தளம் எப்படியோ, பெட்டியும் அப்படியே உறைந்துவிடும். தளத்தில் குழிவு இருந்தால் அது நிரந்தரமாக உன் மேசைக்குள் போய்விடும். எங்கள் தெருத் தச்சர் தன் பட்டறை மேசையைக் கொத்தனாரின் அலுமினியச் சட்டத்தை வைத்து, இடுக்கில் வெளிச்சம் தெரிகிறதா என்று நாலு திசையிலும் பார்த்து, அடியில் தக்கை கொடுத்துச் சரிசெய்த பிறகுதான் பசை டப்பாவையே திறந்தார். ஒரு ராத்திரி முழுக்கப் பாரம் ஏற்றி வைத்தோம். அவர் சொன்ன இன்னொரு யோசனை, கட்டங்களுக்குள் தெர்மாகோல் துண்டுகளை அடைப்பது. வெற்றுப் பெட்டி என்றால் பந்து விழும்போது மத்தளம் மாதிரி அதிரும், கீழ் வீட்டுக்காரர்கள் ஏறி வந்துவிடுவார்கள்.

எடையைக் குறைக்கக் கூடாத ஒரே இடம் ஓரச் சட்டம். சட்டத்தின் உள்விளிம்பில் ஒட்டிய ரப்பரில் பந்து மோதும்போது சட்டம் அசைந்தால் வேகத்தை அது தின்றுவிடும், பந்து சோர்ந்துபோய்த் திரும்பும். அதனால் சட்டத்துக்கு மட்டும் நல்ல கெட்டி மரம் போட்டேன். போல்ட் இறங்கும் இடங்களில் பெட்டிக்குள் முன்கூட்டியே கெட்டிக் கட்டை வைத்து ஒட்டிவிட வேண்டும். வெறும் 6 மி.மீ. பலகையில் போல்ட் முடுக்கினால் நிற்காது. ரப்பரின் உதடு, அதாவது பந்தைத் தொடும் முனை, பந்தின் விட்டத்தில் 63.5 சதவீத உயரத்தில் நிற்க வேண்டும் என்பது போட்டி மேசைகளின் கணக்கு. உதடு தாழ்ந்தால் வேகப் பந்து துள்ளும். உயர்ந்தால் பந்தைத் துணியோடு சேர்த்து அழுத்தும். வழக்கமான பந்து 57 மி.மீ. நம் அளவு மேசைக்கு அது பெரிசு. நான் 2 அங்குலப் பந்து வாங்கினேன், அதற்கு உதடு 32 மி.மீ. சிறிய பந்தில் இன்னொரு லாபம் உண்டு: விட்டம் கொஞ்சம் குறைந்தாலும் எடை சுமார் 30 சதவீதம் இறங்கிவிடும், மேசைக்கும் அதிர்ச்சி குறைவு. பைகளுக்கு வலை போதும். பந்து உருண்டு ஒரே இடத்துக்கு வரும் குழாய் ஏற்பாடெல்லாம் எடையைக் கூட்டும்.

துணியை முதலில் நீளவாக்கில், பிறகு அகலவாக்கில் இழுத்து அடிப்பக்கத்தில் பின் அடித்துவிட்டால் முடிந்தது.

கால் செய்யவே வேண்டாம். உன் வீட்டு நாலு பேர் டைனிங் டேபிள் நாலடிக்கு இரண்டரை அடிதானே? அதன் மேலேயே வைத்துவிடு. நீளத்தில் இரு முனையிலும் ஆறு அங்குலம், அகலத்தில் இருபுறமும் இரண்டு அங்குலம் வெளியே நீட்டும், அவ்வளவுதான். பெட்டியின் அடியில், டைனிங் டேபிளின் நாலு மூலைக்குச் சற்று உள்ளே உட்காரும்படி, திருகு வைத்த ரப்பர் பாதம் பொருத்து. இங்கே சோம்பல் படாதே. நம் வீட்டுத் தரைகளில் கழுவிவிடத் தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்திருப்பார்கள், கண்ணுக்குத் தெரியாது, பந்துக்குத் தெரியும். மீட்டருக்கு 1 மி.மீ. சரிவு இருந்தாலே, மெல்ல உருண்டு நிற்கப்போகும் பந்து பல சென்டிமீட்டர் விலகிப்போகும். ஒவ்வொரு முறை போடும்போதும் ரசமட்டத்தை நீளம், அகலம், மூலைவிட்டம் மூன்றிலும் வைத்துப் பார். கடைசிச் சோதனை பந்துதான். எட்டு திசையிலும் மெதுவாக உருட்டிவிட்டு, நிற்கும் கடைசி ஒரு சாணில் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கவனி.

நடுவில் கீல் வைத்து இரண்டாக மடிக்கும் யோசனையை எழுதியிருந்தாய். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் அந்த இணைப்பு பருவத்துக்குப் பருவம் மயிரிழை நகரும், பந்து அதன்மேல் ஏறி இறங்கும். ஒரே பலகையாகவே இருக்கட்டும். சட்டத்தோடு சேர்த்து மூன்றரை அங்குலக் கனம்தான், உன் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்துவிடும். நீளப் பக்கம் தரையில் ஊன்ற நேராக நிறுத்து, சுவரில் சரித்துச் சாய்த்து மாதக்கணக்கில் விடாதே. எடுக்க இரண்டு பேர் போதும். பரணில் ஏற்றுவது மட்டும் கூடாது. எடுக்கச் சிரமமான மேசையில் யாரும் ஆட மாட்டார்கள்.

ஒன்று சொல்ல மறந்தேன். நாம் எத்தனை தடவை ஊட்டிக்குப் போயிருப்போம்! ஜபல்பூரில் 1875இல் ஆங்கிலேய ராணுவ அதிகாரிகள் ஆடத் தொடங்கிய, பூலின் உறவுக்கார ஆட்டமான ஸ்னூக்கருக்கு, பின்னால் விதிகளை எழுதி மாட்டியது ஊட்டி கிளப்பில்தான், 1882 வாக்கில். நமக்கு மேலே மலையில் இருந்த அந்த மேசைகள் அப்போது எட்டாத உயரம். இப்போது என் பேரன் அதே வகை ஆட்டத்தை எங்கள் சாப்பாட்டு மேசையில் ஆடுகிறான். எனக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றவில்லை.

உன் ஹாலின் நீள அகலம், டைனிங் டேபிளின் உயரம், லிப்ட் கதவின் அகலம் மூன்றையும் டேப் வைத்து அளந்து எழுது. 60 அங்குலம் லிப்டுக்குள் நிமிர்ந்து நிற்குமா என்றும் பார்த்துவிடு, இல்லையென்றால் படிதான். அளவு வந்ததும் வரைபடம் போட்டு அனுப்புகிறேன். பொங்கலுக்கு அங்கே வருகிறோம், ரப்பரையும் பந்துகளையும் நானே கொண்டுவருகிறேன். பிளைவுட் மட்டும் நீ வாங்கி வீட்டுக்குள் படுக்கை வாக்கில் போட்டு வை.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

உன்
ராமு