எந்தப் பக்கம் என்று எழுதமாட்டேன், அக்கா

அக்கா,

நேற்று என்னுடைய 16 அவுன்ஸ் குத்துச்சண்டை கிளவுஸை ஜூனியர் பெண் ஒருத்திக்குக் கொடுத்துவிட்டேன். இனி எனக்கு ஸ்பாரிங் (ரிங்கில் பயிற்சிக்காக மோதுவது) இல்லை, சொல்லிக்கொடுப்பது மட்டும்தான். முதலில் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டிய விஷயம். நீங்கள் போனை எடுப்பதில்லை, அதனால் நாலு பேர் பார்க்க எழுதுகிறேன். பெயர் போடவில்லை. போடாவிட்டாலும் படிக்கிறவர்களில் சிலருக்குத் தெரிந்துவிடும்.

நமக்குள் எப்படி முடிந்தது என்பது உங்களுக்கே தெரியும். அதற்கு முந்தைய ஆறு மாதம் உங்களோடு ஸ்பாரிங் எனக்கு எப்படிப் போனது என்பது தெரியாது.

ஜாப், அதாவது முன்கையால் நேராக ஒரு குத்து, போட்டால் உங்கள் தலை நழுவிவிடும். வலக்கைக் குத்து வந்தால் தோள் வாங்கிக்கொள்ளும். பக்கத்திலிருந்து வளைத்து ஹுக் போட்டால் அதற்கு அடியில் புகுந்து வெளியே வந்திருப்பீர்கள். படாத குத்துதான் ஆளை அதிகம் சோர வைக்கும். பட்ட குத்தை எதிரே ஓர் உடம்பு நின்று தாங்கிக்கொள்கிறது, படாததை நம் தோளே இழுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. இரண்டாம் ரவுண்டிலேயே எனக்குக் கை தொங்கிவிடும். "பக்கத்துல வாடி, கடிக்கமாட்டேன்" என்பீர்கள். கயிற்றுக்கு வெளியே நிற்பவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு உங்களுக்குப் பிடித்திருந்தது, அக்கா. இல்லை என்று சொல்லாதீர்கள்.

முதலில் நானும் எல்லாரையும் போல மழையாகப் பொழிந்து பார்த்தேன். 2014இல் குத்துச்சண்டை வீரர் மைதானா, நழுவுவதில் பேர்போன மேவெதர்மேல் 858 குத்து விட்டார், பட்டது 221 என்று கணக்கெடுத்தார்கள். நான்கில் ஏறக்குறைய மூன்று காற்றுக்குப் போனது. அந்த ஆட்டத்தைச் சேர்ந்துதான் பார்த்தோம். நான் மைதானாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன், நீங்கள் மேவெதரின் தோளை. அதேபோல நழுவும் பழைய சாம்பியன் விட்டேக்கர் பேச்சு வந்தால் உங்களை நிறுத்தவே முடியாது. 1993இல் சாவேஸோடு அவர் ஜெயித்திருக்க வேண்டிய ஆட்டத்தை டிரா என்று அறிவித்ததை வீட்டுத் துக்கம் போலச் சொல்வீர்கள். (அந்த விஷயத்தில் இன்றும் நான் உங்கள் கட்சிதான்.)

தலையை மறக்க வேண்டும் என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. தலை நழுவும் அளவுக்கு நெஞ்சு நழுவாது. ஜாபை நெஞ்சுக்கு அனுப்பினேன். கை, தோள், எது கிடைத்தாலும் தொட்டேன், வலிக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. பாதி ஜாப் நீட்டி ஏமாற்றினால் நீங்கள் எந்தப் பக்கம் சாய்வீர்கள் என்று தெரிந்துவிடும். அடுத்த குத்தை, தலை இருக்கிற இடத்துக்கு இல்லாமல், போய்ச் சேரப்போகிற இடத்துக்கு விட்டேன். உங்கள் பின்னாலேயே ஓடுவதையும் நிறுத்தினேன். பக்கவாட்டில் ஓரடி வைத்து வழியை அடைத்தால் நீங்களே கயிற்றுக்குப் போய்விடுவீர்கள், அங்கே பின்னால் சாய இடம் இருக்காது. ஒரு நாள் மவுத்கார்டைக் கழற்றிவிட்டு, "இப்பதான் யோசிச்சு அடிக்கிற" என்றீர்கள். அதை எத்தனை பேரிடம் சொன்னேன் என்று நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

அன்றைக்கே தான் அதையும் சொன்னீர்கள். கிளவுஸுக்குள் சுற்றுகிற உங்கள் கைக்கட்டை நான் அவிழ்த்துக்கொண்டிருந்தேன். கோச்சுக்குக்கூடத் தெரியாது என்றீர்கள். எந்த விலா, எந்த அசைவில் அதை மறைக்க முழங்கை தாமதமாக வரும் என்பதை இங்கே எழுதமாட்டேன். நீங்கள் இன்னும் ரிங்கில் இறங்குகிறீர்கள், உங்களோடு மோதப்போகிறவளும் இதைப் படிக்கலாம். குத்துச்சண்டைக்காரர் எல்லாருக்கும் ஏதோ ஒரு விலா உண்டு, அவ்வளவுதான்.

அப்புறம் அந்த நாள். பாதி வேகம் என்று பேசிக்கொண்டுதான் இறங்கினோம். மூன்று குத்தை வரிசையாகத் தவறவிட்டேன். நீங்கள் வெளியே நின்றவர்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தீர்கள். நான் காத்திருந்தேன். பாதி ஜாப் நீட்டினேன், சாய்ந்தீர்கள், முழங்கை தாமதமானது. என் குத்து பாதி வேகத்தில் வரவில்லை.

நீங்கள் கத்தவில்லை. காற்று மட்டும் வெளியே போனது. ஒரு முட்டியில் உட்கார்ந்து என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். எனக்கு அந்த இடம் எப்படித் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். கோச் "நல்ல ஷாட்" என்றார். நான் தலையாட்டினேன்.

நழுவுகிற ஆளுக்கு உடம்பில் அடி, யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். நானும் இந்த ஒரு வருடமாக இதையேதான் சொல்லிவந்தேன். பொய் இல்லை. ஆனால் அந்தக் குத்து கோச் சொல்லிக்கொடுத்ததில் இருந்து வரவில்லை, நீங்கள் நம்பிச் சொன்னதில் இருந்து வந்தது. மன்னித்துவிடுங்கள். அடித்ததற்குக்கூட இல்லை, தலையாட்டியதற்கு.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். முதல் ஐந்து மாதம் உங்களுக்குப் பாதி வேகம் ஞாபகம் வரவே இல்லையே? என் குத்து பட ஆரம்பித்த பிறகுதானே வந்தது? வேண்டுமென்றே செய்தாள் என்று மற்றவர்களிடம் சொன்னீர்களாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கிளவுஸ் வாங்கிக்கொண்ட பெண் உங்களைப் போலவே நழுவுகிறாள். அவள் குனிந்து எழும்போதெல்லாம் என் கண் தானாக முழங்கைக்குப் போகிறது. தாமதமானால் உடனே நிறுத்திச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கைக்கட்டு ஒரு ஜோடி என்னிடம்தான் இருக்கிறது. துவைத்துச் சுருட்டி வைத்திருக்கிறேன். யாரிடமாவது சொல்லி அனுப்புங்கள், கொடுத்துவிடுகிறேன். இல்லையென்றால் நீங்களே வாருங்கள்.