நீலாம்பரியிடம் மட்டும் ஏன் கணக்குக் கேட்கிறோம்?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

களுவாஞ்சிகுடியில் 14 வருடமாகப் பெண்களுக்கான சலூன் நடத்துகிறேன். பொம்பிளை (மணப்பெண்) அலங்காரம்தான் முக்கிய தொழில். வடிவைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்ற நினைப்பில் இதை எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை கடை டிவியில் 'படையப்பா' போட்டார்கள். 1999இல் வந்த படம். இன்றைக்கும் ரம்யா கிருஷ்ணன் நீலாம்பரியாக வந்து நின்றால் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள். தலைக்கு டை பூசிக்கொண்டிருந்த ஓர் அம்மா, "வடிவு கூடினால் திமிரும் கூடும்" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

நீலாம்பரி வெளிநாட்டில் படித்து வந்தவள். பணம் இருக்கிறது, ஏவினால் ஓடிவர ஆள் இருக்கிறது. அவ்வளவு இருந்தும் கதை அவளுக்குக் கொடுக்கும் வேலை ஒன்றுதான்: ஓர் ஆணை அடைய வேண்டும். அது நடக்கவில்லை என்றதும் 18 வருடம் ஓர் அறைக்குள் அடைந்து கிடக்கிறாள். கடைசியில் தன் உயிரையே எடுத்துக்கொள்கிறாள். அவள் படித்த படிப்பு எங்கே போனது? 'மன்னன்' (1992) படத்தில் தொழிற்சாலையையே நடத்தும் விஜயசாந்தியும் வீட்டோடு அடங்கிய பிறகுதான் படம் முடிகிறது. வடிவையும் தைரியத்தையும் வைத்து மேலே வரப் பார்க்கிற பெண்ணைத் தண்டிக்கிறார்கள். வேறு வழியைப் பூட்டி வைத்தவர்களைக் கேட்பாரில்லை.

சில்க் ஸ்மிதாவை நினைத்தால் நெஞ்சு கனக்கும். ஆந்திராவிலிருந்து வந்த விஜயலட்சுமிக்கு 1980இல் வந்த 'வண்டிச்சக்கரம்' அந்தப் பெயரைக் கொடுத்தது. அவருடைய ஒரு பாட்டைச் சேர்த்தால் படம் விற்றுவிடும் என்று ஒரு காலம் இருந்தது. விற்ற காசு யார் யார் கைக்கோ போனது, கெட்ட பெயர் மட்டும் அவருக்கு. 1996 செப்டெம்பரில் சென்னையில் உயிரிழந்தபோது அவருக்கு 36 வயதுகூட நிறையவில்லை.

வைகாசியில் எங்கள் பக்கம் கண்ணகை அம்மன் சடங்கு. செட்டிபாளையத்தில் கண்ணகி கதையைப் பாடும் வழக்குரை கேட்டுவிட்டு வரும் வழியிலேயே, "எல்லாம் அந்த மாதவியால் வந்தது" என்று பெண்களே பேசுவதைக் கேட்டிருக்கிறேன். சிலப்பதிகாரத்தில் மாதவிக்கு ஐந்து வயதில் ஆடல் பழக்கத் தொடங்கி, ஏழு வருடம் பழக்கி, 12 வயதில் சோழன் சபையில் ஆட வைக்கிறார்கள். பரிசு 1008 கழஞ்சு பொன். அந்த விலைக்கு அவளுடைய மாலை தெருவில் விலை கூறப்படுகிறது, கோவலன் வாங்குகிறான். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஐயா அது. அவளா விலை வைத்தாள்?

எங்கள் மட்டக்களப்பில் குடி, அதாவது குலம், தாய்வழியே வருகிறது. வீடு மகளுக்கு, மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். அப்படி இருந்தும் கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் வண்ணக்கராக நிற்பவர் ஆண்தான். வீட்டுக்குச் சொந்தக்காரியாக இருப்பதும் நாலு பேர் கூடிய இடத்தில் நம் சொல் எடுபடுவதும் ஒன்றில்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

இப்போது இதை எழுத வைத்த விசயத்துக்கு வருகிறேன். உயர்தரம் முடித்த ஒரு பிள்ளை. நகரத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலைக்கு விண்ணப்பித்தாள். சான்றிதழுக்கு முன்பே முழு உயரப் படம் ஒன்று அனுப்பச் சொன்னார்களாம். என்னிடம் வந்து, "அக்கா, கொஞ்சம் வெள்ளையாத் தெரியிற மாதிரிச் செய்துவிடுங்க" என்றாள். செய்துவிட்டேன். வேலை கிடைத்தது. ஒரு மாதத்துக்குள் அவளுடைய வீதியில், "முகத்தைக் காட்டி வேலை எடுத்தவள்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். கணக்கியலில் அவள் ஏ எடுத்தவள். அதை ஒருவரும் சொல்லவில்லை. படம் கேட்ட முதலாளியைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. அவள் என் கதிரையில் இருந்து அழுதபோது, அவளை வெள்ளையாக்கிய கை என்னுடையது என்பது என்னைச் சுட்டது. வெள்ளையாக்கும் கிறீமை அன்றோடு கடையில் நிறுத்திவிட்டேன்.

உங்கள் ஞாயிறு சினிமாப் பக்கத்திடம் ஒரு வேண்டுகோள். நடிகையின் படத்துக்குக் கீழே இடுப்பையும் வயதையும் பற்றி எழுதும் வரிகளை விட்டுவிடுங்கள். அந்தப் படத்தில் அவர் என்ன பாத்திரம் செய்தார், கதை அவரை என்ன செய்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். பத்திரிகையை என் கடை மேசையில்தான் வைக்கிறேன். வருகிற பிள்ளைகள் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
களுவாஞ்சிகுடி.